பேசாமல் பேசும் சித்திரங்கள்

கார்ட்டூன் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவன, பூனையைச் சுற்றிச் சுற்றி ஓடவைக்கும் எலியும், கீரையைத் தின்று தோள் புடைக்கும் மாலுமியும், வயிற்றுப் பையிலிருந்து விந்தைக் கருவிகளை எடுத்து நீட்டும் ஜப்பானியப் பூனையுமேயாகும். பெரியவர்கள் இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘பொம்மைப் படம்’ என்று பெயரிட்டுக் குழந்தைகள் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். கல்லூரி வாசலை மிதித்த பிறகும் ஒருவன் பொம்மைப் படம் பார்க்கிறான் என்றால் அவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பதும் உண்டு. அந்த ‘ஒரு மாதிரி’க் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். நம் கல்லூரியில் எனக்குத் துணையாகப் பலர் இருப்பதையும் அறிவேன். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

புகழ்பெற்ற தொடர்களைப் பற்றி எழுத இங்கே நான் வரவில்லை. அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். தத்தம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்பட்டும், நம் பக்கம் எட்டிப் பார்க்காத ஆறு தொடர்களை நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். இந்த ஆறுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றில் வரும் பாத்திரங்கள் பேசுவதில்லை. பேசினாலும் எந்த நாட்டு மொழியும் அன்று. அல்லது ஒன்றிரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கின்றன. 1987இல் வெளிவந்த ‘பேசும் படம்’ என்னும் வசனமில்லாத திரைப்படத்தை நம் பேராசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு முழுநீளப் படம் செய்யக்கூடியதைப் பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் செய்துகாட்டும் முயற்சிகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

பேச்சு தரும் ஓய்வு

பேசாத படத்தில் அப்படி என்ன சிறப்பு என்று கேட்கலாம். இதற்கு விடை காணச் சித்திரப் படத்தின் வரவு செலவுக் கணக்கைச் சற்றே பார்க்க வேண்டும்.

திரையரங்குகளுக்காக வரையப்பட்ட பழைய படங்களில் பாத்திரத்தின் உடல் முழுவதும் இயங்கும். தொலைக்காட்சி வந்தபின் வாரந்தோறும் புதுப்படம் தேவைப்பட்டது. கையிலிருந்த பணமோ குறைவு. 1957இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உடலை ஒரு முறை வரைந்து அசையாமல் நிறுத்திவிடுவது. தலையையும் வாயையும் மட்டும் மாற்றி மாற்றி வரைவது. 1958இல் பிறந்த யோகி கரடிக்குச் சட்டை இல்லை, ஆனால் கழுத்தில் காலரும் டையும் உண்டு. அழகுக்காக மட்டுமா அவற்றை மாட்டினார்கள்? அசையும் தலையும் அசையாத உடலும் சேரும் இடத்தை அந்தக் காலர் மறைத்துவிடுகிறது! பேசாத பூனையையும் எலியையும் 1940இல் படைத்து உடம்பாலேயே உலகைச் சிரிக்கவைத்தவர்களும் இதே இருவர்தாம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சிக்கனம் இல்லையென்றால் தொலைக்காட்சியில் கார்ட்டூனே வளர்ந்திராது. ஆயினும் அதன் விளைவு ஒன்று உண்டு. பேச்சு, ஓவியனுக்கு ஓய்வு கொடுக்கிறது. வசனம் கதையைச் சுமந்து செல்லும்போது படம் சும்மா இருக்கலாம். நமக்கு அது தெரிவதுமில்லை.

எனக்கு அது தெரிந்தது என் தம்பியால்தான். அவனுக்கு இப்போது 14 வயது. பிறவியிலேயே காது கேளாதவன். செவித்திறன் குறைந்தோர் பள்ளியில் கற்ற சைகையும், எங்கள் வீட்டில் தானாக வளர்ந்த சைகையும் கலந்துதான் நாங்கள் பேசிக்கொள்வோம். நம் ஊர்த் தொலைக்காட்சியில் கார்ட்டூன்கள் தமிழில் குரல் கொடுக்கப்பட்டு வருகின்றன. நமக்கு அது பெரும் வசதி. தம்பிக்கோ ஆங்கிலமும் ஒன்றுதான், தமிழும் ஒன்றுதான். ஒரு கரடி அசையாமல் நிற்கிறது. அதன் வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவன் என் முகத்தைப் பார்ப்பான், ‘என்ன?’ என்று. நான் சைகையால் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த வேடிக்கை வந்து போய்விடும். விளக்கப்பட்ட நகைச்சுவையில் சுவை ஏது?

எனவே, இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்கக்கூடிய படங்களைத் தேடத் தொடங்கினேன். இணையத்தில் கிடைத்தவற்றை அக்காவின் மடிக்கணினியில் ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு முதலில் பார்ப்போம். பிறகு நான் மட்டும் ஒலியோடு மறுபடியும் பார்ப்பேன். கீழே நான் கூறும் மதிப்புரைகள் இந்த இரட்டைப் பார்வையில் விளைந்தவை.

1. காற்சட்டை கேட்ட குட்டி விலங்கு

அன்றைய செக்கோஸ்லோவாகியாவில் ஸ்டெனெக் மிலெர் என்னும் ஓவியர் படைத்த பாத்திரம் ‘க்ர்தெக்’. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலி போன்றதொரு சிறு விலங்கு. குழந்தைகளுக்கு ஒரு கல்விப் படம் எடுக்கும் பணி அவரிடம் வந்தபோது, டிஸ்னி படங்களில் இடம்பெறாத விலங்கு ஒன்றைத் தேடியிருக்கிறார். நடந்து செல்கையில் மண்மேடு ஒன்றில் கால் இடறியதாம், கதாநாயகன் கிடைத்துவிட்டான்!

1957இல் வந்த முதற்படத்தின் கதை எளிமையானது. பெரிய பைகள் வைத்த காற்சட்டை ஒன்று தனக்கு வேண்டும் என்று அந்தக் குட்டி விலங்கு ஆசைப்படுகிறது. கடைக்குப் போய் வாங்கக் கதை இடம் தரவில்லை. ஆளிச்செடியை வளர்க்க வேண்டும். நாரை எடுக்க வேண்டும். முள்ளெலி தன் முள்ளால் நாரைச் சீவிக் கொடுக்கிறது, சிலந்தி நூற்கிறது, எறும்புகள் நெய்கின்றன, நண்டினத்தைச் சேர்ந்த ஒன்று தன் கொடுக்கால் துணியை வெட்டுகிறது. ஒரு துணி நம் உடம்புக்கு வருமுன் எத்தனை கைகளைக் கடக்கிறது என்னும் பாடம், பாடமாகவே தோன்றாமல் நடந்து முடிகிறது. வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் பரிசு பெற்றது.

இந்த முதற்படத்தில் பேச்சு உண்டு. அதன்பின் மிலெர் ஒரு முடிவுக்கு வந்தார்: எந்த நாட்டுக் குழந்தைக்கும் புரிய வேண்டுமானால் சொற்களை விட்டுவிட வேண்டும். சிரிப்பு, வியப்பு, விசும்பல் ஆகிய ஒலிகளை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஒலிகளைத் தந்தவர்கள் அவருடைய பெண்மக்கள். முடிந்த படத்தை முதலில் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்களும் அவர்களே. 2002 வரை ஏறத்தாழ 50 படங்கள் வந்தன. 2011இல் மிலெர் மறைந்தார். அதே ஆண்டு மே மாதம் எண்டெவர் விண்கலத்தில் ஆண்ட்ரூ ஃபாய்ஸ்டல் என்னும் வீரரோடு ஒரு க்ர்தெக் பொம்மையும் விண்வெளிக்குச் சென்று வந்தது.

நண்பர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது 1982இல் வந்த நகரத்துக் கதை. காடு அழிக்கப்பட்டு அவ்விடத்தில் நகரம் எழும்புகிறது. க்ர்தெக்கும் முயலும் முள்ளெலியும் வீடிழந்து நிற்கின்றன. ஒரு சொல் இல்லை. குற்றம் சாட்டும் வசனம் இல்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும் அப்படம் முடிந்ததும், தம்பி எங்கள் தெருமுனையில் வெட்டப்பட்ட புளியமரத்தின் இடத்தைச் சைகையால் காட்டினான். ஒலியை அடைத்துப் பார்த்தாலும் இத்தொடர் இழப்பது மிகச் சிறிதே. குறை என்று சொன்னால், சில படங்களில் இனிமை சற்றே திகட்டும்.

2. ஒரு கோடு, ஒரு மனிதன்

இத்தாலி நாட்டு ஓஸ்வால்டோ கவாந்தோலி 1969இல் படைத்த ‘லா லீனியா’வுக்குக் ‘கோடு’ என்று பொருள். திரையின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அக்கோட்டின் ஒரு பகுதி மேலெழும்பி மனிதனின் பக்கத் தோற்றமாகிறது. மூக்கு நீண்ட அம்மனிதன் கோட்டின்மேல் நடக்கிறான். நடந்துகொண்டே இருக்கையில் கோடு திடீரென்று அறுந்துபோகிறது. அவ்வளவுதான், உலகம் முடிந்தது! அவன் குதிக்கிறான், கத்துகிறான், தன்னை வரைந்தவனையே திட்டுகிறான். மேலிருந்து ஓவியனின் கை பென்சிலோடு இறங்கி மீதிக் கோட்டை வரைந்து கொடுக்கிறது. சில வேளைகளில் அந்தக் கை அவனை ஏமாற்றவும் செய்கிறது.

இது பிறந்த கதை வியப்புக்குரியது. லகோஸ்தினா என்னும் சமையல் பாத்திர நிறுவனத்தின் விளம்பரமாகத்தான் இம்மனிதன் முதலில் திரைக்கு வந்தான். அந்நாளில் இத்தாலியத் தொலைக்காட்சியில் ‘கரோசெல்லோ’ என்றொரு விளம்பர நிகழ்ச்சி 1957 முதல் 1977 வரை நடைபெற்றது. பொருளின் பெயரை முடிவில்தான் சொல்ல வேண்டும். அதுவரை மக்களை மகிழ்விக்க வேண்டும் என்பது அதன் விதி. விதி கடுமையாக இருந்ததால் கலை செழித்தது! பின்னர் விளம்பரம் உதிர்ந்துபோக, மனிதன் மட்டும் நிலைத்தான். 1971 முதல் 1986 வரை 90 சிறு படங்கள் வந்தன.

கார்லோ போனோமி என்னும் நடிகர் இம்மனிதனுக்குக் குரல் கொடுத்தார். அது மிலான் நகரத்துப் பேச்சின் சாயல் கொண்டது. ஆனால் எந்த மொழியும் அன்று. கோபத்தில் சொற்கள் உருண்டோடும் வேகமும், கெஞ்சும்போது குழையும் குழைவும் கேட்கக் கேட்கத் தெவிட்டாதவை. களிமண்ணால் செய்த ‘பிங்கு’ என்னும் பென்குவினின் குரலும் முதலில் இவருடையதே.

இங்கேதான் எங்கள் சோதனையின் எல்லை தெரிந்தது. ஒலியை அடைத்துப் பார்த்தபோதும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மேசையின் விளிம்பில் ஒரு விரலை நடக்கவிட்டு, விளிம்பு முடியும் இடத்தில் டக்கென்று நிறுத்துவதே எங்கள் வீட்டில் இத்தொடருக்குப் பெயராகிவிட்டது. ஆயினும் போனோமியின் குரலை அவன் அறியவில்லை. அதை நான் எப்படிச் சைகையில் சொல்வேன்? ஒரு கலையில் பாதி ஒருவருக்குக் கிடைக்காமல் போனாலும், மீதிப் பாதி தன் காலில் நிற்கிறது என்பதையே இத்தொடரின் பெருமையாகச் சொல்வேன்.

3. இரண்டு கைகாரர்கள்

மீண்டும் செக்கோஸ்லோவாகியா. ஓவியர் விளாடிமிர் யிரானெக்கும் இயக்குநர் லுபோமிர் பெனெஷும் 1976இல் படைத்த இரட்டையர் பாட், மாட். அண்டை வீட்டு நண்பர்கள். சுவரில் தாள் ஒட்டுவதோ, கம்பளம் விரிப்பதோ, எந்த வேலையானாலும் ஆளை அழைக்காமல் தாமே செய்வார்கள். ஒரு சின்னத் தவறு. அதைச் சரிசெய்யப் பெரிய தவறு. அதைச் சரிசெய்ய அதைவிடப் பெரிய தவறு. வீடே குலைந்தாலும் ஒருவரை ஒருவர் கடிந்துகொள்வதில்லை, நம்பிக்கை இழப்பதுமில்லை. செக் மொழியில் இத்தொடரின் பெயருக்கு ‘ஆச்சு, முடிஞ்சுது’ என்று பொருள். நம் ஊரில் மின்விசிறியைக் கழற்றிப் பழுதுபார்த்து, மீதமான இரண்டு திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதையே சொல்பவர்களை எல்லோரும் அறிவோம்.

இவை பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்தவை. ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் வேண்டும். ஒரு நிலையை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திக்கொண்டாலும் நொடிக்கு 12 முறை பொம்மையை அசைக்க வேண்டும். எட்டு நிமிடப் படம் என்று வைத்துக்கொண்டால் 5,760 முறை! சோம்பேறித்தனமான வேலையைக் காட்ட எத்தனை பொறுமையான வேலை!

பெட்ர் ஸ்கௌமல் அமைத்த இசை இனியது. எனினும் அதை நீக்கினாலும் சிரிப்பில் ஒரு மாற்றுக் குறையவில்லை. ஏனென்றால் இங்கு வேடிக்கை பொருள்களுக்குள் இருக்கிறது: ஏணியின் உயரத்தில், கதவு திறக்கும் பக்கத்தில், வாளி இருக்கும் இடத்தில். நடக்கப்போவதைத் தம்பி எனக்கு முன்பே கண்டுகொண்டு என் தோளைத் தட்டினான். இந்த ஒரு தொடரில் விளக்கம் சொன்னவன் அவன், கேட்டவன் நான். குறையும் சொல்லிவிடுகிறேன்: சட்டகம் மாறாதது. ஒரே மூச்சில் ஐந்தாறு படங்களைப் பார்த்தால் அலுக்கும்; நாளுக்கு இரண்டு போதும். 1995இல் பெனெஷ் மறைந்தபின் அவர் மகன் மாரெக் தொடர்ந்து எடுத்தார். முதலில் பழையவற்றையே பாருங்கள்.

4. ‘இரு, உன்னைக் கவனிச்சுக்கிறேன்!’

சோவியத் நாட்டின் சோயுஸ்முல்ட்ஃபில்ம் கலைக்கூடத்தில் வியாசெஸ்லாவ் கோத்யோனொச்கின் இயக்கிய ஓநாய்–முயல் தொடர் 1969இல் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகும் ஓநாய் முயலைப் பார்த்து ‘நூ, பகதீ!’ என்று உறுமுவான். தலைப்பும் அதுதான், அதன் பொருளையே மேலே தந்திருக்கிறேன். வேறு பேச்சு மிகக் குறைவு.

பூனை–எலித் துரத்தலின் நகல் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. அமெரிக்கப் பூனையும் எலியும் பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள் ஓடுகின்றன. இந்த ஓநாயும் முயலும் ஒரு நாடு முழுவதும் ஓடுகின்றன: கடற்கரை, பொழுதுபோக்குப் பூங்கா, விளையாட்டரங்கம், கட்டடம் எழும் இடம், அருங்காட்சியகம். அந்நாளைய சோவியத் நகர வாழ்வை ஒரு மாணவன் அறிய வேண்டுமானால் இதன் பின்னணி ஓவியங்களே ஒரு பாடநூல் எனலாம். வாயில் சிகரெட்டும் தோளில் கித்தாரும் கொண்ட ஓநாய், அந்தக் காலத்துத் தெருப் போக்கிரியின் அச்சு.

ஓநாய்க்குக் குரல் கொடுக்கக் கவிஞரும் பாடகருமான விளாடிமிர் விசோத்ஸ்கியை இயக்குநர் விரும்பினார், மேலிடம் இசையவில்லை. அதனால் முதற்படத்தில் ஓநாய் கயிற்றைப் பிடித்து மாடியேறும்போது விசோத்ஸ்கியின் பாட்டு ஒன்றைச் சீழ்க்கையடிக்கும்படி செய்தார். அனதோலி பாப்பனோவ் ஓநாயின் குரலானார். முயலுக்குக் கிளாரா ருமியானோவா. 1986க்குள் 16 படங்கள் வந்தன. 1987இல் பாப்பனோவ் மறைந்தார். 1993இல் மேலும் இரண்டு படங்கள் எடுத்தபோது, முன்பே பதிவாகியிருந்த அவர் குரலையே பயன்படுத்தினார்கள்.

ஒலியை அடைத்தால் அந்தச் சீழ்க்கையும், காட்சிதோறும் ஒலிக்கும் அந்நாளைய பாடல்களும் போய்விடுகின்றன. துரத்தல் மட்டும் நிற்கிறது. அதுவும் போதுமானதே, என்றாலும் பாடல்களோடு பார்க்க வாய்த்தவர்களுக்கு இது வேறு படம்.

5. சீழ்க்கை ஒரு மொழி

இங்கிலாந்தில் ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபர்மினும் ஒரு பண்ணையின் பழைய கொட்டிலையே கலைக்கூடமாக்கி எடுத்த தொடர் ‘கிளேஞ்சர்கள்’. பி.பி.சி.யில் 1969 நவம்பரில் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையில்தான் மனிதன் நிலவில் கால் பதித்திருந்தான். தொலைதூரத்தில் ஒரு சிறு நீலக் கோள். அதன் அடியில் வாழும் இளஞ்சிவப்பு எலி போன்ற குடும்பம். ஃபர்மினின் மனைவி கம்பளி நூலால் பின்னிய பொம்மைகள் அவை. வளைகளைக் குப்பைத்தொட்டி மூடிகளால் மூடிக்கொள்கின்றன. அம்மூடிகள் எழுப்பும் ஒலியே அவற்றின் பெயர்.

அவை சீழ்க்கையால் பேசும். முதலில் வசனத்தை ஆங்கிலத்தில் முறையாக எழுதிக்கொண்டு, அதன் ஏற்ற இறக்கத்தை நீட்டிக் குறுக்கும் ஊதுகுழலால் ஊதினார்கள். கதவு ஒன்று சிக்கிக்கொள்ளும் காட்சிக்குப் போஸ்ட்கேட் எழுதிய வசனத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருந்ததாம். அதிகாரிகள் அதை எதிர்த்தபோது, ஊதத்தானே போகிறோம் என்று அவர் விடை சொன்னாராம். இன்னொன்றும் அவர் சொல்லியிருக்கிறார்: விளக்கவுரை இல்லாமல் ஜெர்மானியர் ஒருவருக்கு இப்படத்தைக் காட்டியபோது, அவை நல்ல ஜெர்மன் பேசுகின்றன என்றாராம் அவர்! ஏற்ற இறக்கம் மட்டும் இருந்தால், சொற்களை நாமே நம் தாய்மொழியில் நிரப்பிக்கொள்கிறோம் போலும்.

ஆனால் தொலைக்காட்சியில் இதற்குப் போஸ்ட்கேட்டின் விளக்கவுரை உண்டு. எங்கள் சோதனையில் இத்தொடர் தடுமாறியது. நடப்பது மெதுவாக நடக்கிறது. ஏன் நடக்கிறது என்பதை உரைதான் சொல்கிறது. எனினும் தம்பி சலிப்படையவில்லை. ஒரு காட்சியில் வரும் இரும்புக் கோழியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். கம்பளிப் பின்னலின் கண்ணிகளை எண்ணினான். அவற்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டான். எவர்சில்வர் மூடியை அவன் கையில் கொடுத்து, பாத்திரத்தின்மேல் தட்டச் சொன்னேன். அதிர்வை விரலால் அறிந்து தலையசைத்தான். 

6. அடிக்காத பேராசிரியர்

கடைசியாக, அன்றைய யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகரத்தில் ஸ்லாட்கோ கர்கிச் படைத்த ‘பேராசிரியர் பல்தசார்’. 1967 முதல் 1978 வரை 59 படங்கள். சாக்ரெப் கலைக்கூடம் சாதாரணமானதன்று. துஷான் வுகோத்திச் இயக்கிய அதன் படமே, குறும் சித்திரப் படங்களுக்கான ஆஸ்கர் விருதை அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் கொண்டுசென்றது. அது 1962இல்.

பல்தசாரின் ஊரில் யாருக்கோ ஒரு துன்பம். பேராசிரியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து சிந்திக்கிறார். விடை தோன்றியதும் தம் வண்ண வண்ண இயந்திரத்தை இயக்குகிறார். அது ஆடி அசைந்து, கடைசியில் சில துளி மருந்தைச் சோதனைக் குழாயில் சொட்டுகிறது. துன்பம் தீர்ந்தது. இத்தொடரில் வில்லனை அடித்து வீழ்த்தும் முடிவு கிடையாது. துன்பம் தருபவனுக்கும் ஒரு துன்பம் இருக்கும்; அதைத் தீர்த்தால் இதுவும் தீரும். நம் பேராசிரியப் பெருமக்கள் விரும்பிப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்!

எங்கள் சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றது இதுவே. கதையைச் சொல்பவர் ஒருவரின் குரல்தான் முழுவதையும் நடத்துகிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசெல்ல அது எளிய வழி. ஒரு குரலை மாற்றினால் போதும். ஆயினும் தம்பிக்கு அது மூடிய கதவு. இயந்திரம் ஓடும் இடம் மட்டும் அவனுக்குத் திருவிழா. கருத்தில் முதலிடம் பெறும் தொடர் இந்தச் சோதனையில் கடைசியில் நிற்கிறது என்பதால், என் அளவுகோல் எல்லாவற்றையும் அளக்கும் கோல் அன்று என்பதையும் நண்பர்கள் உணர வேண்டும்.

முடிவாக

ஆறையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று விளங்குகிறது. பேசாமைக்குக் காரணம் நாட்டுக்கு நாடு வேறு. மிலெருக்கு எல்லா நாட்டுக் குழந்தைகளையும் எட்டும் ஆசை. கவாந்தோலியின் மனிதன் விளம்பர விதிக்குள் வளர்ந்தவன். போஸ்ட்கேட்டுக்கு அது ஒரு விளையாட்டு. காரணம் எதுவாயினும், சொல்லை விட்ட இடத்தில் கையும் காலும் பொருளும் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று. ஓவியன் ஓய்வெடுக்க முடியவில்லை. திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரிலேயே இரண்டு அதிகாரங்கள் வைத்தார். அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. வாய் திறவாமல் ஒருவர் உள்ளத்தை அறிவது எவ்வளவு பெரிய கல்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

புதிதாகப் பார்க்கத் தொடங்குவோர் பாட், மாட் இருவரிடமிருந்து தொடங்கலாம். அடுத்து கோட்டு மனிதன். பிறகு க்ர்தெக்கின் நகரத்துக் கதை. ஓநாயையும் கிளேஞ்சர்களையும் ஒலியோடு பாருங்கள். பல்தசாரைப் பொறுமையோடு பாருங்கள்.

நமக்குப் பிடித்த புகழ்பெற்ற கார்ட்டூன் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் ஒலியை அடைத்துப் பார்க்குமாறும் நண்பர்களை வேண்டுகிறேன். எந்த இடத்தில் படம் நின்றுபோகிறது, எந்த இடத்தில் தொடர்கிறது என்று கவனியுங்கள். நம் கல்லூரியில் நன்றாக வரையத் தெரிந்தவர்கள் பலர் உள்ளனர். கைப்பேசி ஒன்றும் களிமண்ணும் இருந்தாலே ஒரு நிமிடப் படம் எடுத்துவிடலாம். எடுப்பவர்கள் வசனம் எழுதுவதற்கு முன், வசனமின்றி எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கட்டும். அந்தப் படத்தைச் சிரித்துக்கொண்டே பார்க்க, எங்கள் வீட்டில் மட்டுமன்று, ஊர்தோறும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.